நாற்பத்திரண்டு அடி ஆழம்

கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே, பேருந்து நிறுத்தத்தை ஒட்டினாற்போல், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. உள்ளே இரண்டு ஜெராக்ஸ் இயந்திரங்கள், ஒரு கம்ப்யூட்டர், ஸ்பைரல் போடும் மேசை, சுவரில் சாய்த்த மர ஏணி, ஏணிக்கு மேலே பரண். இருபத்தோரு வருடமாக அக்கா இந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். மாணவர்களுக்கு அவள் 'பிரிண்ட் அவுட் அக்கா'. தலையில் பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் 'ஆன்ட்டி' என்று கூப்பிட யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. ஒருவன் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான். அன்றைக்கு எல்லோருடைய பக்கங்களும் வந்த பிறகுதான் அவனுடைய பக்கங்கள் வெளியே வந்தன.

அவளுக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. முதலாவது, அவள் அடித்த பக்கத்தில் பிழை இருக்காது. "அக்கா கடையில அடிச்சதா? அப்ப சரி, வெச்சுட்டுப் போ" என்று துறைத்தலைவர்களே சொல்வதுண்டு. அந்த ஒரு சொல்லுக்காக, நான்கு தெரு தள்ளியிருந்த மாணவர்கள்கூட மற்ற கடைகளைத் தாண்டி இங்கே வந்தார்கள்.

இரண்டாவது பெருமை அந்தப் பரண். கடை தொடங்கிய புதிதில் ஒரு மாணவன் பைண்டிங் ஆன அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்து, தான் எழுதாததையெல்லாம் அவள் அடித்துவிட்டதாகக் கூப்பாடு போட்டான். அவன் எழுதிக் கொடுத்த தாள்களைத் தேடினால், அவை பழைய பேப்பரோடு போயிருந்தன. வாசலில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க, அவள் வாயடைத்து நின்றாள். அன்றிலிருந்து ஒரு கையெழுத்துத் தாளைக்கூட விடுவதில்லை. கல்லூரி திறந்ததும் வேலைகளுக்கு ஒன்றிலிருந்து எண் போடுவாள். முதல் தாளின் வலது மூலையில் நீலப் பென்சிலால் அந்த எண்ணை எழுதி வட்டம் போடுவாள். புரியாத இடம் வந்தால் ஓரத்தில் 'கேட்கணும்' என்று எழுதி, ஆளைக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பாள். வேலை முடிந்ததும் தாள்கள் கட்டாகிப் பரணுக்குப் போகும். "நீ எழுதினது இதோ, நான் அடிச்சது இதோ. எங்க தப்புன்னு காட்டு பாப்போம்" என்று அதற்குப் பிறகு நான்கைந்து பேரின் வாயை அடைத்திருக்கிறாள்.

மாணவர்களின் அறிக்கைகளை அவளைப் போல வாசித்தவர் அந்த ஊரில் யாரும் இருக்க முடியாது. திருத்துகிற ஆசிரியர்கள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பார்ப்பார்கள். அக்கா ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டவள். தொடக்கத்தில் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும், ஆனாலும் கை வலிக்க எழுதியது தெரியும். பிறகு இணையத்திலிருந்து வெட்டி ஒட்டினார்கள். 'மேலும் படிக்க இங்கே அழுத்தவும்' என்ற வரியும் சேர்ந்தே வரும். அதை அவள்தான் எடுத்துவிடுவாள். பிறகு கைப்பேசியில் பிடித்த படங்கள் வந்தன, ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ தெரியும். மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று: சீனியர் ஃபைல். "அக்கா, ஏரி பத்தி ஏதாவது சீனியர் ஃபைல் இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கும். கொடுப்பாள். பிள்ளைகள் பிழைத்துப் போகட்டுமே என்று நினைப்பாள்.

இந்த வருடம் கல்லூரி நூலகத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். குள்ளமான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறிய ஸ்கேல். முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் தன்னிடம் வரவேண்டும் என்று முதல்வரிடம் உத்தரவு வாங்கிவிட்டார். யார் எதைச் சொன்னாலும் "எங்கே?" என்பார். எங்கே படித்தாய், எங்கே பார்த்தாய், யாரிடம் கேட்டாய். பத்தே நாளில் அவருக்கு 'எங்கே சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

"இன்டர்நெட்ல இருக்கு சார்னு சொன்னேங்க்கா" என்று கடையில் வரிசையில் நின்ற ஒருவன் புலம்பினான். "அதுக்கு அவரு, இன்டர்நெட்டுங்கிறது தெருவுப்பா, நான் வீட்டு நம்பர் கேக்கறேங்கிறாரு."

"சரியாத்தானே கேக்கறாரு" என்றாள் அக்கா, டோனரை ஆட்டிக்கொண்டே.

"நீங்க வேற!"

எங்கே சார் கொடுத்த வேலை இதுதான். ஊரைப் பற்றி எல்லோரும் சொல்கிற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்று பின்னாலேயே போய், முதலில் சொன்ன ஆளைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு படியையும் எழுத வேண்டும். கடைசிப் படி இல்லாத அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்து இல்லையென்றால் பருவத்தேர்வு எழுத முடியாது.

அந்த வாரம் குடைக்காரப் பெண் வந்தாள். வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதிகம் பேசாத பெண். வரிசை கரையும் வரை ஓரமாக நின்றுவிட்டு மேசையருகே வந்தாள்.

"அக்கா, பதினெட்டு வருஷத்துக்கு முந்தி நீங்க அடிச்ச ஒரு ரிப்போர்ட் பத்திக் கேக்கணும்."

"எதைப் பத்தினது?"

"ஏரி பத்தினது."

அக்காவின் கை ஸ்பைரல் கம்பியின் மேல் நின்றது.

பெண் நோட்டைப் பிரித்தாள். அவள் எடுத்துக்கொண்ட வாக்கியம், ஊர் ஏரியின் ஆழம் நாற்பத்திரண்டு அடி என்பது. ஏரிக்கரைப் பலகையில் அப்படித்தான் இருக்கிறது. பலகையை எழுதியது நகரசபை. நகரசபையில் கேட்டால் இணையத்தைப் பார்த்து எழுதினோம் என்றார்கள். இணையத்தில் பக்கத்தை எழுதியவர் நகரசபைத் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து எழுதினேன் என்றார்.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு கை காட்டுதுக்கா. மூணு நாள் அங்கேயே சுத்துனேன். அப்புறம் துண்டுப்பிரசுரம் தயாரிச்சவரைப் பிடிச்சேன். நம்ம காலேஜ் ரிப்போர்ட்லேர்ந்து எடுத்தேன்னாரு. லைப்ரரியில ஏரி பத்தி பதினொரு ரிப்போர்ட் இருக்கு. வருஷப்படி அடுக்கிப் படிச்சேன். எல்லாத்துலயும் அதே வரிதான். ஆனா பாருங்க, புதுசுல 12.8 மீட்டர்னு இருக்கு. அதுக்கு முந்தினதுல 42.0 அடின்னு இருக்கு. அதுக்கும் முந்தி வெறும் 42 அடி. எல்லாத்துக்கும் பழசுல மட்டும்தான் 'ஏறத்தாழ நாற்பத்திரண்டு அடி'ன்னு இருக்கு. அதோட அட்டையில உங்க கடை பேரு."

'ஏறத்தாழ'. அந்தச் சொல்லை அக்கா மறக்கவில்லை. அதைப் போட்டது அவள்தான்.

அந்த அறிக்கையைக் கொண்டுவந்தவன் ஒரு நெட்டையன். நிலைப்படியில் குனிந்துதான் நுழைவான். முப்பத்தொன்றாம் பக்கத்தில் 'ஏரியின் ஆழம் ..... அடி' என்று புள்ளி வைத்துவிட்டு, நகரசபையில் கேட்டுவிட்டு நாலு மணிக்குள் போன் செய்கிறேன் என்று போனான். ஐந்து மணிக்குள் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். நாலு மணிக்குப் போன் வரவில்லை. மற்ற பக்கங்கள் எல்லாம் அடித்து, சரிபார்த்து, ஓட்டை போடத் தயாராக இருந்தன. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் புள்ளிகள் பல்லைக் காட்டின. இப்படியே போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அடித்தவள் விட்டுவிட்டாள் என்பார்கள். ஒரு வெற்றிடத்தைக் கடையை விட்டு வெளியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. முதல் தாளின் மூலையில் அந்த வேலைக்கு அவளே போட்ட எண் கண்ணில் பட்டது. நாற்பத்திரண்டு. அதை அடித்தாள். மனசாட்சிக்காக முன்னால் ஓர் 'ஏறத்தாழ' சேர்த்தாள். வந்ததும் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். அவன் நாலே முக்காலுக்கு மூச்சிரைக்க ஓடிவந்து, பைண்டிங் ஆன அறிக்கையைப் பிடுங்கிக்கொண்டு, சாலையைக் கடந்து ஓடியே போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஆனால் அவனுடைய ஃபைலைக் கேட்டு மற்றவர்கள் வந்தார்கள்.

"அந்தக் கையெழுத்துத் தாள் உங்ககிட்ட இருக்குமா அக்கா? எல்லாத்தையும் வெச்சிருப்பீங்கன்னு சொன்னாங்க."

"பதினெட்டு வருஷமா?" என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள். "எலி விட்டு வெச்சிருக்குமா? எல்லாம் போயிருக்கும்மா."

பெண் நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். கட்டுகள் வருட வாரியாக, முதுகில் எண் எழுதி, கூரையை முட்டிக்கொண்டு இருந்தன. பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பைண்டிங் வேலையை அக்காவின் கணவர்தான் பார்ப்பார். பசை டப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"ஏன் பொய் சொன்னே?"

அவள் சொன்னாள். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அடிப்பாவி! அந்த ஏரிக்கு ஆழம் நீ வெச்சதா? வருஷா வருஷம் கரையில நின்னு நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கேனே!"

"சிரிக்காதீங்க."

"சரி, சிரிக்கலை. வாயைத் திறக்காம இரு. ஊரே நாற்பத்திரண்டுங்குது, இப்பப் போயி நீ ஏன் மாத்தறே? கடைக்குன்னு இருக்கறது அந்த ஒரு பேருதான். அக்கா கடையில தப்பு வராதுங்கற பேரு. அதையும் கொண்டுபோய் ஏரியில போடப் போறியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடுத்த தெருவில் குளிர்சாதனம் போட்ட புதிய கடை வந்திருந்தது. அங்கே இல்லாததாக அவளிடம் இருந்தது அந்தப் பெயர் மட்டும்தான். அக்கா மறுபடி கம்பியைச் சுற்றத் தொடங்கினாள். அன்றைக்கு மூன்று அறிக்கைகளுக்குக் கம்பி தலைகீழாகப் போய்விட்டது.

நான்கு நாள் கழித்துக் குடைக்காரப் பெண் மறுபடி வந்தாள். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பு இருந்தது.

"அக்கா, அந்த அண்ணனைக் கண்டுபிடிச்சுட்டேன். பழைய மாணவர் சங்கத்துல நம்பர் குடுத்தாங்க. இப்ப பெரிய என்ஜினியரா இருக்காரு. போன்ல பேசினேன்."

"என்ன சொன்னான்?"

"அவரே அளந்தாராம்! நண்பனைக் கூட்டிக்கிட்டுப் படகுல நடு ஏரிக்குப் போயி, கயித்துல கல்லைக் கட்டி இறக்கி, முடிச்சு போட்டு, கரைக்கு வந்து ஸ்கேல் வெச்சு அளந்தாராம். மூணு இடத்துல அளந்து பெருசா இருந்ததை எழுதினாராம்."

பசை டப்பாவுக்குப் பின்னால் கணவருக்குப் புரையேறியது.

"முடிச்சு போட்டானாமா?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா. கல்லு செங்கல்லாம். அதுகூட ஞாபகம் இருக்குங்கறாரு. நேர்ல அளந்த ஆளே கிடைச்சாச்சு. சார் ரொம்ப சந்தோஷப்பட்டாரு. ஏரிக்கரையில புதுசா கல்வெட்டு வெக்கப்போறாங்க இல்லையா, அதுல எழுதற விஷயத்தைச் சரிபார்க்கச் சொல்லி நகரசபையிலேர்ந்து நம்ம சார்கிட்டதான் கேட்டிருக்காங்க. என் ரிப்போர்ட்டைக் காட்டிச் சொல்லிரலாம்னாரு. ஆனா ஒரே ஆள் வாயால சொன்னது பத்தாதாம். இன்னொரு ஆதாரம் கிடைக்குதான்னு பாருன்னாரு. வெள்ளிக்கிழமை கடைசி." அவள் தயங்கினாள். "அந்தத் தாள் நெஜமாவே இல்லையா அக்கா?"

"தேடிப் பாக்கறேன். நாளைக்கு வா" என்றாள் அக்கா.

பெண் சாலையைக் கடந்ததும் கணவர் கையைத் தட்டினார். "பாத்தியா? தெய்வமா வந்து தலையைக் குடுத்திருக்கான். அவனே அளந்தேங்கறான். இனிமே உன்னை யாரு கேக்கப் போறாங்க? தாள் இல்லைன்னு சொல்லு, முடிஞ்சுது கதை."

முடிந்துதான் போயிருக்க வேண்டும். ஆனால் அக்காவுக்கு எரிந்தது. அவள் பயந்துகொண்டிருந்தது போய், வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. நாலு மணிக்குப் போன் செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யாதவன், பார்த்தேயிராத எண்ணுக்குச் செங்கல்லும் கயிறும் கொண்டுவந்துவிட்டான். அவள் போட்ட பொய்யிலாவது ஓர் 'ஏறத்தாழ' இருந்தது. இவன் மூன்று இடத்தில் அளந்திருக்கிறான். அந்தப் பெண் அதையும் நம்பி எழுதுவாள். ஒன்பது படி இறங்கி, யாரும் போகாத இடம் வரை போனவள், கடைசிப் படியில் வழுக்கி விழுவாள். அதைக் கல்லில் வேறு வெட்டுவார்கள்.

"அவன் எப்படிங்க அளக்க முடியும்? அது என் வேலை எண்ணு" என்றாள்.

"அது உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

"பரணுக்கும் தெரியும்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். "பாத்து ஏறு. விழுந்து கிழுந்து வெச்சா அதுக்கும் நான்தான் பைண்டிங் போடணும்."

அந்த வருடத்துக் கட்டு மூன்றாவது வரிசையில் இருந்தது. கயிறு இற்றுப்போயிருந்தது. தாள்கள் ஓரத்தில் பழுத்திருந்தன, ஆனால் எழுத்து அப்படியே இருந்தது. முதல் தாளின் மூலையில் நீல வட்டத்துக்குள் 42. முப்பத்தொன்றாம் தாளில் ஐந்து புள்ளிகள். ஓரத்தில் அவளுடைய கையெழுத்தில்: 'கேட்கணும்'.

மறுநாள் பெண் வந்தபோது, மதிய இடைவேளை முடிந்து கடை காலியாக இருந்தது. அக்கா இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தாள்.

பெண் நெடுநேரம் பார்த்தாள். புள்ளிகளில் விரலை வைத்தாள். பிறகு முதல் தாளை எடுத்து, நீல வட்டத்தைப் பார்த்து, மேசையிலிருந்த இன்றைய வேலைகளின் மூலைகளைப் பார்த்தாள். 216, 217, 218. எல்லாம் நீல வட்டத்துக்குள். அவளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் அக்கா சொன்னாள். போன் வராதது, புள்ளிகள், மூலையில் இருந்த எண் எல்லாவற்றையும் வரிசையாக, ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"அப்ப அந்த அண்ணன் சொன்ன கயிறு?"

"அவன் கயித்தை எடுத்தானோ என்னவோ, எனக்குத் தெரியாது. என்கிட்ட வந்தது புள்ளிதான்."

பெண் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டேன்க்கா. நாளைக்குக் குடுக்கணும்." பிறகு நிமிர்ந்து, "ஏன் முதல்லயே சொல்லலை?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. அக்கா அதை ஏற்றுக்கொண்டாள்.

"வெக்கமா இருந்துச்சும்மா. வேற என்ன."

ஜெராக்ஸ் இயந்திரம் தானாக ஒருமுறை உறுமி அடங்கியது. பெண் தாள்களைக் கைப்பேசியில் படம் பிடித்தாள், இரண்டு பக்கமும். பிறகு நோட்டை எடுத்துக் கடைசி இரண்டு பக்கங்களைக் கிழித்தாள்.

"உங்க பேரு போட வேண்டாம்க்கா. 'தட்டச்சு செய்தவர் ஒருவர்'னு எழுதிடறேன்."

"உங்க எங்கே சார் அதுக்கு ஒத்துக்குவாரா?"

பெண் யோசித்தாள். "மாட்டாரு. எந்தக் கடை, எங்க இருக்குன்னு கேப்பாரு."

"அப்புறம் என்ன? கடை பேரோட போடு."

கணவர் பசை டப்பாவின் மூடியைச் சத்தமாகத் திருகினார்.

மறுநாள் காலை கடை நிரம்பி வழிந்தது. எல்லோருக்கும் அன்றுதான் கடைசி நாள். குடைக்காரப் பெண் தன் அறிக்கையை நீட்டினாள். அக்கா மூலையில் 231 என்று போட்டு, வட்டமிட்டு, அடிக்கத் தொடங்கினாள். தோளுக்குப் பின்னால் நாலைந்து தலைகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்பதாம் படி வரை யாரும் கவனிக்கவில்லை.

பத்தாம் படி: 'கையெழுத்துத் தாளில் எண் இல்லை. அதைச் சேர்த்தவர், கல்லூரி எதிரே உள்ள கடையில் தட்டச்சு செய்தவர். அது ஏரியின் அளவல்ல, கடையின் வேலை எண். நேரில் அவரே சொன்னது. இத்துடன் தாளின் படம் உள்ளது. அறிக்கை எழுதியவர் தாமே அளந்ததாகத் தொலைபேசியில் சொன்னார். தாளில் அதற்குச் சான்று இல்லை.'

"அக்கா!" என்றான் பின்னால் ஒருவன். "இது நீங்கதானே?"

"நான்தான். தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே."

"அப்ப ஏரிக்கு நாற்பத்திரண்டு அடி கிடையாதா?"

"அவ எழுதியிருக்கறதைப் படி."

செய்தி வரிசையின் கடைசி வரை போய்ச் சிரிப்பாகத் திரும்பி வந்தது. "அக்கா, என் மார்க் ஷீட்டுலயும் ஏறத்தாழன்னு போட்டு ஒரு நம்பர் அடிச்சுக் குடுங்களேன்" என்று ஒரு குரல். இன்னொருவன் தன் அறிக்கையைத் திரும்ப வாங்கி எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினான். இருபத்தோரு வருடத்தில் அவளுடைய பக்கத்தை அவள் கண்முன்னாலேயே ஒருவர் சரிபார்ப்பது அதுதான் முதல் தடவை. அக்காவின் காது சூடானது. விரல் மட்டும் நிற்கவில்லை. இரண்டு பேர் வரிசையை விட்டு வெளியேறினார்கள். புதிய கடைக்குப் போனார்களா, டீ குடிக்கப் போனார்களா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். அறிக்கையின் இறுதி வரி: 'ஏரியின் ஆழம் ..... அடி.' அதன் கீழே, 'இதுவரை அளந்ததற்குப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை.'

அக்கா நிறுத்தினாள். பென்சிலை எடுத்து ஓரத்தில் 'கேட்கணும்' என்று எழுதினாள். பிறகு திரும்பிப் பெண்ணைக் கேட்டாள்.

"இது இப்படியேவா?"

"இப்படியே அக்கா."

அவள் புள்ளிகளை எண்ணினாள். ஐந்து. ஐந்தும் அடித்தாள். பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்து, "அக்கா, அங்க ஒரு நம்பர் விட்டுப்போச்சு" என்றான்.

"அளந்துட்டு வா, அடிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பிரிண்ட் பட்டனை அழுத்தினாள். "எத்தனை காப்பிம்மா?"

"ரெண்டு" என்றாள் குடைக்காரப் பெண். பிறகு, "இல்லக்கா, மூணு போடுங்க. ஒண்ணு நகரசபைக்கு" என்றாள்.